வேகமானியின் வண்ணக் கோடுகள்: விமானம் எந்த வேகத்தில் எவ்வளவு தாங்கும்?

பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானமான செஸ்னா 172எஸ்-ன் வேகமானியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். 40 முதல் 85 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வெள்ளைக் கோடு. 48 முதல் 129 வரை பச்சை. 129 முதல் 163 வரை மஞ்சள். 163-ல் சிவப்பாக ஒரு கீற்று. பறக்கக் கற்றுக்கொள்ளும் எல்லோரும் இந்த எண்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். வாய்மொழித் தேர்வில் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்போம். ஆனால் 129 ஏன் 129? அந்த எண் விமானத்தின் எந்த உறுப்பை, எந்த வகை உடைவிலிருந்து காக்கிறது? இப்படிக் கேட்டால் பலருக்குத் தடுமாறும். இன்னொன்றும் உண்டு. கட்டமைப்பைக் காக்கும் மிக முக்கியமான வேகம் ஒன்று அந்த வட்டத்திலேயே குறிக்கப்படவில்லை. ஏன் குறிக்கவில்லை என்பது புரிந்துவிட்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

இது பயிற்சி விமானிகளை மனதில் வைத்து எழுதியது. சிமுலேட்டரில் பறப்பவர்களுக்கும், பயணத்தின்போது இறக்கை ஆடுவதைப் பார்த்து வயிறு கலங்குபவர்களுக்கும் உதவும். எண்கள் எல்லாம் 172எஸ் கையேட்டுக்கு உரியவை. நீங்கள் ஓட்டுவது வேறு விமானம் என்றால் அதன் கையேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு விமானத்தின் எண்ணை இன்னொன்றில் பயன்படுத்தக் கூடாது.

முதல் படி: வேகமானி எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

172-ன் இடது இறக்கைக்கு அடியில் ஒரு சிறு குழாய் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிட்டாட் குழாய். எதிர்க்காற்று அதற்குள் மோதி அழுத்தம் கொடுக்கிறது. உடலின் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு துளை, மோதாத காற்றின் சாதாரண அழுத்தத்தை எடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முள்ளை நகர்த்துகிறது. ஆக, வேகமானி என்பது அடிப்படையில் ஓர் அழுத்தமானி. காற்று விமானத்தை எவ்வளவு பலமாக மோதுகிறது என்பதையே அது நாட் கணக்கில் எழுதிக் காட்டுகிறது.

நமக்கு இது பெரிய வசதி. இறக்கையை வளைப்பதும் வாலை முறுக்குவதும் அந்த மோதல்தானே. மேலே போகப் போகக் காற்று மெலிந்தாலும், முள் 100-ஐக் காட்டினால் மோதலின் பலம் கீழே 100-ல் இருந்ததேதான். அதனால்தான் சுமை சார்ந்த எல்லைகளைப் பெரும்பாலும் முள் காட்டும் வேகத்திலேயே கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேசும்போது அது வரும்.

மோதலின் பலம் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. பைக்கில் போகும்போது உள்ளங்கையை விரித்துக் காற்றுக்குக் காட்டியிருப்பீர்கள். 30 கிலோமீட்டரில் லேசாகத் தள்ளும். 60-ல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தள்ளும். விமானத்திலும் அப்படியே. 60 நாட்டிலிருந்து 120-க்குப் போனால் அதே கோணத்தில் நிற்கும் இறக்கை நான்கு மடங்கு விசையை உண்டாக்கும். இனி வரும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

இரண்டாம் படி: உங்கள் விமானம் எத்தனை ஜி தாங்கும் என்று பாருங்கள்

நேராக, மட்டமாகப் பறக்கும்போது இறக்கைகள் விமானத்தின் எடையை மட்டும் சுமக்கின்றன. அதை 1 ஜி என்கிறோம். திரும்பினாலோ, மூக்கை இழுத்தாலோ, காற்று கீழிருந்து அடித்தாலோ சுமை கூடும். எடையைப் போல எத்தனை மடங்கு சுமக்கிறது என்பதே சுமைக் காரணி.

172எஸ் 1157 கிலோ முழு எடையில், ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்னோரத்திலிருந்து கீழிறக்கும் தகடு) மேலே இருக்கும்போது, மேல்நோக்கி 3.8 ஜி, கீழ்நோக்கி 1.52 ஜி தாங்கும். ஃப்ளாப் இறக்கிவிட்டால் மேல்நோக்கி 3 ஜி மட்டுமே. 3.8 ஜி என்றால் 1157 கிலோ விமானத்தை அந்த நொடியில் இறக்கைகள் ஏறக்குறைய 4400 கிலோவாகச் சுமக்கின்றன என்று அர்த்தம். உங்கள் தலையும் கையும் கூட அதே மடங்கில் கனக்கும்.

சாதாரணத் திருப்பத்தில் என்ன நடக்கிறது? உயரம் குறையாமல் 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் 1.15 ஜி. 45 டிகிரியில் 1.41. 60 டிகிரியில் 2. அதற்குப் பிறகு ஏற்றம் செங்குத்து. 75 டிகிரியில் 3.86 ஆகி, நம் விமானத்தின் எல்லையைத் தாண்டிவிடும். ஸ்டால் வேகமும், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்குமோ அந்த வேகமும், கூடவே ஏறும். 60 டிகிரி சாய்வில் அது 41 சதவீதம் அதிகம்.

இந்த 3.8 என்பது உடையும் புள்ளி இல்லை. அதுவரை போனால் கட்டமைப்பு நிரந்தரமாக வளையாமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதை எல்லைச் சுமை என்கிறார்கள். அதைப் போல ஒன்றரை மடங்கு இறுதிச் சுமை. அதை மூன்று நொடியாவது முறியாமல் தாங்க வேண்டும். அதற்குள் வளைந்தோ நசுங்கியோ போனாலும் பரவாயில்லை என்பது விதி. பெரிய விமானங்களுக்கும் ஒன்றரை மடங்குதான். ஆனால் எல்லைச் சுமை பொதுவாக 2.5 ஜி.

அந்த ஒன்றரை மடங்கை எவ்வளவு நெருக்கமாகக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? 1995-ல் போயிங் 777-ன் இறக்கைகளைச் சோதனைக்கூடத்தில் மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போனார்கள். எல்லைச் சுமையின் 154 சதவீதத்தில் முறிந்தது. 2006 பிப்ரவரியில் துலூஸில் ஏர்பஸ் ஏ380-ன் இறக்கை 147 சதவீதத்திலேயே முறிந்துவிட்டது. வேண்டியதைவிட 3 சதவீதம் குறைவு. இறக்கையில் வலுவூட்ட வேண்டி வந்தது. தேவைக்கு மேல் ஒரு கிலோ உலோகம் கூட வைக்காத தொழில் இது. 'இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்' என்று விமானி நினைக்கும் அந்தப் பாதி, உலோகத்தின் வயதுக்கும், துருவுக்கும், கணக்கில் வராத சங்கதிகளுக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது.

அந்த எல்லையைத் தாண்டிப் போய் உயிரோடு திரும்பியவர்கள் உண்டு. 1985 பிப்ரவரி 19 அன்று தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன சைனா ஏர்லைன்ஸ் 006, ஒரு போயிங் 747எஸ்பி. 41,000 அடியில் ஓர் இன்ஜின் உந்துவிசை இழந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தபோது விமானம் சாய்ந்து உருண்டு, மேகத்துக்குள் தலைகுப்புற விழத் தொடங்கியது. ஏறக்குறைய 9,500 அடியில்தான் மீட்டார்கள். மீட்கும்போது 5 ஜி-க்கு மேல். வால் கிடைமட்டத் துடுப்பின் ஓரங்கள் பிய்ந்து போயின. சான்பிரான்சிஸ்கோவில் இறங்கிய பிறகு பார்த்தால் இறக்கைகள் இரண்டும் மேல்நோக்கி நிரந்தரமாக இரண்டு மூன்று அங்குலம் வளைந்திருந்தன. எல்லைச் சுமைக்கும் இறுதிச் சுமைக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: வட்டத்தில் இல்லாத அந்த எண்ணைக் கணக்கிடுங்கள்

விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கை முழுதாக இழுத்தால் எத்தனை ஜி வரும்? அந்த நேரத்து வேகத்தை ஸ்டால் வேகத்தால் வகுத்து, வர்க்கம் எடுங்கள். முள்ளின் பிழையைத் திருத்திய கணக்கில் 172எஸ்-ன் ஸ்டால் வேகம் 53 நாட், சிவப்புக் கோடு 160, பச்சையின் முடிவு 126. இப்போது பாருங்கள். பச்சையின் முடிவில் திடீரென்று முழுதாக இழுத்தால் 5.6 ஜி. சிவப்புக் கோட்டில் இழுத்தால் 9 ஜி. இறக்கை அதுவரை காத்திருக்காது.

குறைந்த வேகத்தில் கதை வேறு. 80 நாட்டில் எவ்வளவு முரட்டுத்தனமாக இழுத்தாலும் 2.3 ஜி-க்கு மேல் வராது. அதற்குள் இறக்கை ஸ்டால் ஆகி, தூக்குவிசையைக் கைவிட்டுவிடும். வீட்டில் மின்சாரம் அதிகமானால் ஃப்யூஸ் கம்பி உருகி மற்றதைக் காப்பாற்றுகிறதே, அதே வேலையை இங்கே ஸ்டால் செய்கிறது. எந்த வேகம் வரை இந்த ஃப்யூஸ் வேலை செய்யுமோ, அதுதான் வி-ஏ, அதாவது இயக்க வேகம். முழு எடையில் 172எஸ்-க்கு முள் காட்டும் கணக்கில் 105 நாட்.

முழு எடையில் என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். எடை குறைந்தால் வி-ஏ குறையும். கையேட்டிலேயே இருக்கிறது: 1157 கிலோவில் 105, 998 கிலோவில் 98, 862 கிலோவில் 90. தேர்வுக்குப் படிக்கிற எல்லோரையும் குழப்புகிற இடம் இது. லேசான விமானம் இன்னும் வேகமாகத்தானே போகலாம் என்று தோன்றும்.

காற்றில் விமானம் எப்படி நிற்கிறது என்று யோசியுங்கள். கனமான விமானம் 105 நாட்டில் மட்டமாகப் பறக்க, இறக்கையைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைத்திருக்க வேண்டும். ஸ்டால் கோணத்துக்கு ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது. ஒரு காற்றடி வந்தால் சீக்கிரமே ஸ்டால் ஆகி ஃப்யூஸ் போய்விடும். லேசான விமானத்துக்கு அதே 105-ல் சிறு கோணமே போதும். ஸ்டாலுக்கு இன்னும் வெகு தூரம். அந்தத் தூரம் முழுக்க ஜி ஏறிக்கொண்டே போகும். இறக்கையின் மேல் வரும் மொத்த விசை ஒன்றுதான் என்றாலும், எடை குறைவாக இருப்பதால் முடுக்கம் அதிகம். இன்ஜினைப் பிடித்திருக்கும் தாங்கிகள், பேட்டரி, பின்சீட்டு, சாமான்கள் எல்லாம் அந்த முடுக்கத்தைத்தான் உணரும்.

கணக்கு எளிது. இப்போதைய எடையை முழு எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 105-ஆல் பெருக்குங்கள். 862-ஐ 1157-ஆல் வகுத்தால் 0.745. வர்க்கமூலம் 0.863. 105-ஆல் பெருக்கினால் 90.6. கையேட்டின் எண் வந்துவிட்டது. பறக்கும்போது அவ்வளவு கணக்கு வேண்டாம்: எடை எத்தனை சதவீதம் குறைந்ததோ அதில் பாதி சதவீதம் வி-ஏ குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை பறக்கப் பறக்க மாறுகிறது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால்தான் வட்டத்தில் கோடு போட முடியவில்லை. கிளம்பும் முன் அன்றைய எடைக்கான வி-ஏ-வை முழங்கால் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது என் வழக்கம்.

நான்காம் படி: வி-ஏ எதைக் காக்காது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்

வி-ஏ-வுக்குக் கீழே யோக்கையும், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடான ரடரையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒரு தலைமுறை விமானிகள் நம்பினார்கள். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் அந்த நம்பிக்கைக்கு மிகப் பெரிய விலை கொடுக்க வேண்டி வந்தது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300-600, கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. அதற்கு முன்னால் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 விட்டுச்சென்ற சுழல் காற்றில் லேசாகக் குலுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி ரடர் பெடலை ஒரு பக்கம் முழுதாக அழுத்தினார், பிறகு மறுபக்கம், மறுபடி இந்தப் பக்கம். சில நொடிகளில் பலமுறை. வேகம் ஏறக்குறைய 250 நாட், வி-ஏ-வுக்குக் கீழேதான். ஆனால் ஒவ்வொரு முறை ரடர் திரும்பும்போதும் விமானத்தின் மூக்கு எதிர்ப்பக்கம் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போகும் அல்லவா, அதே கதைதான். வாலின் செங்குத்துத் துடுப்பு இறுதிச் சுமையையும் தாண்டிய விசையில் அடியோடு பிய்ந்து விழுந்தது. விமானத்திலிருந்த 260 பேரும், பெல் ஹார்பர் குடியிருப்பில் தரையிலிருந்த 5 பேரும் இறந்தார்கள்.

துடுப்பு தரக்குறைவாகச் செய்யப்படவில்லை. விதி கேட்டதைவிட அதிகமாகவே தாங்கியது. அந்த வேகத்தில் பெடல் எல்லை வரை நகர வேண்டிய தூரம் சுமார் 3 சென்டிமீட்டர்தான் என்பதையும் அமெரிக்க விசாரணை வாரியம் கவனித்தது. ரடர் அமைப்பின் அந்தத் தன்மையும், அந்த நிறுவனத்தின் பயிற்சி முறையும் விபத்துக்குத் துணைக் காரணங்கள் என்று அறிக்கை சொன்னது. 3 சென்டிமீட்டர் என்பது உங்கள் கட்டைவிரலின் பாதி நீளம். அந்த அளவு கால் அசைவு மாறி மாறி வந்ததில் வால் போனது.

2010-ல் விதியிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள்: வி-ஏ-வுக்குக் கீழே இருந்தாலும் ஒரே அச்சில் (மூக்கு மேல்-கீழ், மூக்கு இடம்-வலம், உருளல் என்ற மூன்றில் ஒன்றில்) மாறி மாறி முழு அசைவுகள் கொடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் ஒரே நேரத்தில் முழு அசைவு கொடுப்பதும் விமானத்தை உடைக்கலாம். ஒரு அச்சில், ஒரு திசையில், ஒரே ஒரு முழு அசைவு: வி-ஏ தரும் உத்தரவாதம் அவ்வளவுதான்.

சாய்ந்துகொண்டே இழுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடான எய்லரான் கீழிறங்கிய பக்கத்து இறக்கை மற்றதைவிட அதிகம் சுமக்கும், கூடவே முறுக்கும் வரும். அதனால் உருண்டபடி இழுக்கும் நிலைக்கு வடிவமைப்பு விதிகள் 3.8-ல் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே கேட்கின்றன. அதாவது ஏறக்குறைய 2.5 ஜி.

ஐந்தாம் படி: பச்சையையும் மஞ்சளையும் வானிலையோடு சேர்த்துப் படியுங்கள்

இதுவரை பேசியது விமானி தானே கொடுக்கும் சுமை. காற்று கொடுக்கும் சுமைக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. மேல்நோக்கி எழும் காற்றுக்குள் நுழையும்போது இறக்கையைத் தாக்கும் காற்றின் கோணம் திடீரென்று கூடுகிறது. வேகமாகப் போனால் அந்தக் கோண மாற்றம் சிறிதாகும்; ஆனால் மோதலின் பலம் வர்க்கமாக ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றடியின் சுமை வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வேகத்தைக் கால்வாசி குறைத்தால் அடியும் கால்வாசி குறையும்.

172 வகைச் சிறு விமானங்களுக்குப் பல காலம் நடைமுறையில் இருந்த அமெரிக்க விதி, பயண வேகத்துக்கு வினாடிக்கு 50 அடி எழும் காற்றையும், அதற்கு மேற்பட்ட டைவ் (மூக்கைத் தாழ்த்திப் பாயும்) வேகத்துக்கு அதில் பாதியான 25 அடியையும் வைத்துக் கணக்கிடச் சொன்னது. பச்சை முடிந்து மஞ்சள் தொடங்குவதன் பொருள் இதில்தான் இருக்கிறது. பச்சைக்குள் பலமான காற்றடியையும் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். மஞ்சளுக்குள் போகப் போக அந்தக் காப்பு தேய்ந்துகொண்டே வருகிறது. காற்று அசையாமல் இருந்தால் மட்டும் அங்கே போகலாம்.

நான் இதைப் புத்தகத்தில் படித்து ஒரு வருடம் கழித்துத்தான் உடம்பால் கற்றுக்கொண்டேன். ஏப்ரல் மாத மதியம், 4000 அடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இன்ஜின் சக்தியைக் குறைக்காமல் மூக்கை மட்டும் தாழ்த்தியிருந்தேன். முள் 135-ல், மஞ்சளுக்குள். கீழே காய்ந்த வயல்வெளி, மேலே பஞ்சுப் பொதி மேகங்கள். ஒரே ஒரு அடி. என் தலையில் இருந்த ஹெட்செட் கூரையில் மோதியது, மடியில் இருந்த செக்லிஸ்ட் பின்சீட்டுக்குப் பறந்தது. பதற்றத்தில் யோக்கை இழுக்கப் போனேன். ஆசிரியர் என் கை மேல் கை வைத்தார். "இழுக்காதே தம்பி. முதலில் த்ராட்டில்." இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் அந்தப் பிடியை அவரே பின்னுக்கு எடுத்தார். முள் 129-ஐத் தாண்டி, 110-ஐத் தாண்டி இறங்கும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை, மூக்கை மட்டத்துக்கு விடுவதைத் தவிர எதுவும் செய்யவும் விடவில்லை. 95-க்கு வந்ததும் குலுக்கல் நிற்கவில்லை. ஆனால் அடி, தட்டலாக மாறியது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை முதுகெலும்பில் உணர்ந்தவருக்குக் கோட்டின் நிறத்தை யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

காற்று எவ்வளவு பலமாக அடிக்க முடியும் என்பதற்கு 1966 மார்ச் 5-ஐச் சொல்லியாக வேண்டும். டோக்கியோவிலிருந்து ஹாங்காங் கிளம்பிய பிஓஏசி 911, ஒரு போயிங் 707. வானம் பளிச்சென்று இருந்தது. ஃபூஜி மலையைத் தாண்டி வீசிய பலத்த காற்று, மலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அலைகளாகச் சுருண்டுகொண்டிருந்தது. அதற்குள் போன விமானம் நடுவானிலேயே சிதறியது. 124 பேரும் இறந்தார்கள். தேடப்போன அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைஹாக் போர் விமானம் ஒன்று அதே பகுதியில் மேல்நோக்கி 9 ஜி, கீழ்நோக்கி 4 ஜி வரை அடி வாங்கித் திரும்பியது. மேகம் இல்லை என்பதால் காற்று அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பலத்த காற்று மலையைக் கடந்து வருகிறது என்றால், அதன் மறுபக்கத்துக்குப் போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இடிமேகத்துக்குள் எந்த வேகத்திலும் போகக் கூடாது. அங்கே வேகக் கணக்கு யாரையும் காப்பாற்றாது.

பயணிகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய விமானங்களிலும் இதே முறைதான். போயிங் 737 என்ஜி வகையில், கடுமையான குலுக்கலில் வைத்துக்கொள்ள வேண்டிய வேகம் 280 நாட் அல்லது மாக் 0.76 (ஒலியின் வேகத்தில் 0.76 பங்கு). பெல்ட் விளக்கு எரிந்ததும் இன்ஜின் சத்தம் சற்று அடங்குவதைக் கேட்டால், பெரும்பாலும் விமானி அந்த வேகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இறக்கை நுனி மேலும் கீழும் ஆடுவது அது வளைந்து கொடுக்கிறது என்பதற்கு அடையாளம். விறைத்து நின்றால்தான் ஆபத்து.

ஆறாம் படி: வெள்ளைக் கோடு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு ஃப்ளாப்புக்கு 85 நாட்தான் உச்சம். 10 டிகிரிக்கு மட்டும் 110 வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் ஃப்ளாப், அதன் தண்டவாளம், தள்ளும் கம்பி எல்லாம் கணக்கில் இல்லாத சுமையைச் சந்திக்கும். ஃப்ளாப் இறங்கியிருக்கும்போது எல்லை 3 ஜி என்பதையும் மறக்க வேண்டாம். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற அவசரத்தில் குலுக்கலுக்கு நடுவே ஃப்ளாப் இறக்குவது தவறான வைத்தியம். தரையிறங்கும் கட்டத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது

பச்சை, மஞ்சள் எல்லைகளைத் தாண்டினால் சுமை படிப்படியாகக் கூடும். சிவப்புக் கோட்டுக்கு அப்பால் காத்திருக்கும் ஃப்ளட்டர் என்னும் கட்டுக்கடங்காத ஆட்டம் படிப்படியாக வருவதில்லை.

இறக்கையும் வாலும் வளையும், முறுகும். ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம் உண்டு. விமானம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பறக்கும் வரை எந்த ஆட்டத்தையும் காற்றே அமுக்கி அடக்கிவிடும். அதைத் தாண்டினால் காற்றே அந்த ஆட்டத்துக்கு ஆற்றல் ஊட்டத் தொடங்கும். வளைவும் முறுக்கும் ஒன்றோடு ஒன்று கைகோத்து, ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாகி, சில நொடிகளில் உறுப்பைப் பிய்த்துவிடும். இழுத்தால் ஜி கூடுகிறது என்று உடம்பு எச்சரிக்கும்; ஃப்ளட்டரில் அந்த எச்சரிக்கைக்கு நேரம் கிடைக்காமல் போகலாம்.

1959 செப்டம்பர் 29-ல் டெக்சாஸில் பிரானிஃப் 542, 1960 மார்ச் 17-ல் இந்தியானாவில் நார்த்வெஸ்ட் ஓரியன்ட் 710. இரண்டும் லாக்ஹீட் எலெக்ட்ரா. இரண்டிலும் இறக்கை நடுவானில் பிரிந்தது. முதலில் 34 பேர், அடுத்து 63 பேர் இறந்தார்கள். இன்ஜின் தாங்கி பலவீனமானால் சுழலும் ப்ரொப்பெல்லர் பம்பரம் போலத் தள்ளாட ஆரம்பித்து, அந்தத் தள்ளாட்டம் இறக்கையின் ஆட்டத்தோடு இணைந்துகொள்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்து சரிசெய்யும் வரை மீதி எலெக்ட்ராக்களைத் தரையில் நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்துப் பறக்க உத்தரவிட்டார்கள்.

முதல் படியில் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஃப்ளட்டர் பெரும்பாலும், காற்றினூடே விமானம் செல்லும் உண்மையான வேகத்தைச் சார்ந்தது. 10,000 அடியில் முள் காட்டுவதைவிட உண்மை வேகம் ஏறக்குறைய 16 சதவீதம் அதிகம். உயரே ஏறும் கிளைடர்களில் உயரத்துக்கு ஏற்பச் சிவப்பு எல்லையைக் குறைத்துக் காட்டும் அட்டவணை ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

பராமரிப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) ஓரங்களில் எடைக்கட்டிகள் வைத்துச் சமன் செய்திருப்பார்கள். புது பெயின்ட் அடித்த பிறகு சமன் பார்க்காமல் விட்டால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். 172-ல் வலது எலிவேட்டரின் பின்னால் உள்ள சிறு ட்ரிம் பட்டையை (யோக்கைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் விமானம் ஒரு வேகத்தில் நிற்க உதவுவது) சுற்றிப்பார்க்கும்போது விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று தளர்வாக ஆடினால் பறக்கக் கூடாது. விமானத்தைச் சுற்றி வரும்போது மிக அலட்சியமாகக் கடந்துபோகிற இடம் அது.

எட்டாம் படி: குலுக்கலிலும் டைவிலும் கைகள் செய்ய வேண்டியது

குலுக்கல் வரும் என்று தெரிந்தால், அதற்குள் நுழையும் முன்பே த்ராட்டிலைக் குறைத்து, அன்றைய எடைக்கான வி-ஏ-வுக்குக் கொஞ்சம் கீழே வாருங்கள். மிகவும் கீழே போக வேண்டாம். ஸ்டால் பக்கத்தில் நிற்கும். லேசான எடையில் 80 முதல் 90-க்குள் என்பது எனக்குப் பிடித்த இடம். பெல்ட்டை இறுக்குங்கள், தளர்வான சாமான்களைக் கட்டுங்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை விடுவியுங்கள். அப்புறம் இறக்கைகளை மட்டமாக வைத்திருப்பது மட்டுமே உங்கள் வேலை. உயரம் 200 அடி ஏறும், 300 அடி இறங்கும், போகட்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிடுங்கள். உயரத்தைத் துரத்தி இழுத்தால் காற்று கொடுக்கும் சுமையோடு உங்கள் சுமையும் சேரும்.

மேகத்துக்குள் திசை தெரியாமல் சாய்ந்து, சுழன்று இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறுகிறது, உயரம் கரைகிறது. கை தானாக யோக்கை இழுக்கும். சாய்வோடு இழுத்தால் சுழல் இன்னும் இறுகும், ஜி ஏறும். வரிசை இதுதான்: த்ராட்டில் முழுதும் பின்னுக்கு. இறக்கைகளை மட்டமாக்கு. அதற்குப் பிறகுதான் மூக்கு, அதுவும் மெதுவாக. இறக்கை மட்டமானதும் விமானம் தானாகவே மூக்கைத் தூக்கும், ஏனென்றால் அது குறைந்த வேகத்துக்கு ட்ரிம் செய்யப்பட்டிருக்கிறது. அந்த வேகத்தில் அது பலமாகத் தூக்கலாம். பல நேரம் யோக்கை லேசாக முன்னுக்குத் தள்ளிப் பிடித்துத்தான் அதை அடக்க வேண்டியிருக்கும். இதை ஆசிரியரோடு, போதிய உயரத்தில், பலமுறை செய்து பழகுங்கள். படித்துத் தெரிந்துகொள்வது கைக்கு வராது.

ஒன்பதாம் படி: எல்லையைத் தாண்டியிருந்தால்

சொல்லிவிடுங்கள். யாரும் பார்க்கவில்லை, விமானம் நன்றாகத்தான் இறங்கியது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். உலோகத்தில் விழுந்த மயிரிழை விரிசல் அன்று ஒன்றும் செய்யாது. அடுத்தடுத்த பறத்தலில் வளரும்.

அந்த ஏப்ரல் மதியம் தரையிறங்கிய பிறகு ஆசிரியர் நேராக இடது இறக்கைக்கு அடியில் போய் நின்றார். "வாங்க, இதைப் பாருங்க" என்றார். 'தம்பி' போய் 'வாங்க' வந்தால் விஷயம் பெரியது என்று அவரிடம் பயின்ற எல்லோருக்கும் தெரியும். இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் மேலே சேரும் இடத்தில் டார்ச் அடித்தார். ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். தளர்ந்த ரிவெட் அசைந்து உராயும்போது அதைச் சுற்றிக் கரும்பொடி படியும், காற்று போகும் திசையில் வால் போல நீளும் என்றார். இறக்கைத் தகட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். நசுங்கிய தகட்டில் சேலை மடிப்பு மாதிரி மெல்லிய சுருக்கம் தெரியும், நேர் வெளிச்சத்தில் தெரியாது. பிறகு வால் துடுப்பின் பிணைப்புகள், இன்ஜின் தாங்கி, முன்கண்ணாடியின் ஓரங்கள். எங்கள் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

"ஒண்ணும் இல்லையே சார்" என்றேன்.

"அதைச் சொல்ல வேண்டியது இன்ஜினியர்" என்று பதிவேட்டை என்னிடம் நீட்டினார். வேகம், உயரம், நேரம், அடியின் கடுமை நான்கையும் என் கையாலேயே எழுத வைத்தார். அன்று மாலை பறக்க வேண்டியிருந்த மாணவருக்கு வேறு விமானம் ஒதுக்கினார்கள். எங்கள் 172 ஹேங்கருக்குள் போய், இருக்கைகளும் ஆய்வு மூடிகளும் கழற்றப்பட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் கையெழுத்தோடு வெளியே வந்தது.